முடியும் தேதி இல்லாத தாள்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விதைக் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளாக அரிசி டின் மேல் கிடந்தது. என் மகள் மகி அதில் இரண்டு பூனை வரைந்து வைத்திருக்கிறாள். மிச்சப் பக்கங்கள் எனக்கு.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தம்பி பூபதி. அவனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம், சத்தியமங்கலத்துப் பெண். சேதி சொல்ல வந்தவன் பணியாரத்தைத் தின்றுகொண்டே கேட்டான். "ஏக்கா, அந்தக் கோர்ட்டு ஆர்டரு இன்னும் எத்தன நாளைக்குச் செல்லும்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது. மகியின் அப்பா என் வீட்டுக்கோ, வேலை செய்யும் இடத்துக்கோ, மகியின் பள்ளிக்கோ வரக்கூடாது, போனில் பேசக்கூடாது, வேறு ஆள் மூலமாகவும் சொல்லியனுப்பக் கூடாது என்று அதில் இருக்கிறது. பூபதி போனதும் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தேன். தொடங்கிய தேதி இருக்கிறது. முடியும் தேதி இல்லை.

நான் வேலை பார்ப்பது விதை ஆய்வுக்கூடத்தில். முடியும் தேதி அச்சடிக்காமல் ஒரு பொட்டலம்கூட எங்கள் கதவைத் தாண்டாது. அதனால்தான் இது உறுத்துகிறது. பயம் எல்லாம் இல்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விசாரித்துப் பார்த்ததில் ஆளுக்கொரு பதில். ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் செல்வநாயகி அக்கா, எல்லாத்துக்கும் மூணு வருசம்தான் கண்ணு என்றார். எல்லாத்துக்கும் என்றால் எதற்கெல்லாம் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர், டிரைவிங் லைசென்ஸ் மாதிரி புதுப்பிக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அம்மா போனில், மனசு ஆறும்வரைக்கும் என்றாள். யார் மனசு என்று கேட்டதற்குப் பாலை அடுப்பில் வைத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மதியம் செல்வநாயகி அக்கா என் தலைக்கு மேலே அலமாரியிலிருந்த, விதை முளைக்கப் போடும் மணல் தட்டை எடுக்கக் கை நீட்டினார். தூசி கண்ணில் விழப் பார்த்தது. முகத்தை மறைத்துக்கொண்டேன். உன்னோட இதே ரோதனை, இனிமேல் சொல்லிவிட்டே எடுக்கிறேன் என்றார். நல்ல மனுஷி.

ஆகஸ்ட் 14, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் மகிக்கு வேடிக்கை பார்க்க வேண்டும். எங்கே இருந்தாலும் ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றுகொள்வாள். பாப்பா தள்ளிக்கோ, காலில் விழுந்துவிடும் என்று சிலிண்டர்காரர் கெஞ்சினார். தள்ளவில்லை. நாலாம் வகுப்புக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது. என் பக்கத்து ரத்தம், யாரைச் சொல்ல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மாவும் பூபதியும் வந்தார்கள். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ முடிச்சோடு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன் அவன் உடன்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். புதுப்பெண் வந்தாலும் உடன்பிறந்தவளுக்கு உள்ள இடம் போகாது என்று ஊரறியச் சொல்லும் சீர். அப்பா போன பிறகு பூபதிக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நான். இந்தச் சீரை நான் எத்தனை வருடமாக மனதுக்குள் செய்து பார்த்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

பெண் வீட்டில் பேச்சு வந்ததாம். புருஷனோடு வாழாதவள் இணைச்சீருக்கு நிற்கலாமா என்று. மகியின் அப்பா வந்து பத்து நிமிஷம் மேடையில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் ஊர்வாய் அடங்கிவிடும். இல்லையென்றால் பெரியப்பா மகள் செய்யட்டும் என்றார்கள் இருவரும்.

பூபதிதான் திரும்பத் திரும்பப் பேசினான். "ஜெயிலுக்கே ஒரு கணக்கு இருக்குதுக்கா. கொலை பண்ணுனவனே வெளிய வந்தர்றான். மாமாவுக்கு மட்டும் கணக்கே இல்லியா? குடிய விட்டு ரெண்டு வருசம் ஆச்சாம்."

கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு காலம் என்பதை யார் எதை வைத்து முடிவு செய்வது?

ஆகஸ்ட் 20, புதன்

இன்று வெண்டை விதைத் தட்டுகளைக் கணக்கெடுத்தோம். முளைத்தது, கோணலாக முளைத்தது, அழுகியது எல்லாம் சுலபம். கடின விதை என்று ஒன்று உண்டு. பத்து நாள் ஈரத்தில் கிடந்தாலும் தண்ணீர் குடிக்காது, கல் போல அப்படியே இருக்கும். செத்ததா, தூங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் செத்த கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுத வேண்டும்.

தேதி முடிந்த விதையை மறுபடி நனைத்துப் பார்ப்போம். தேறினால் இன்னும் கொஞ்ச காலம் கொடுப்போம். ஒரு மனுஷன் மாறிவிட்டானா என்று தெரிந்துகொள்ள அவனை எதில் நனைப்பது? மூன்று வருடமாக அவர் என்னை நெருங்கவே இல்லை. நல்லவராகிவிட்டதாலா, தாளுக்குப் பயந்தா? தட்டில் போடாமல் எப்படித் தெரியும்?

மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும் இடத்தில் பத்து நிமிஷம். பரிசோதனைக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடைக்காது. ஆர்டருக்கு ஒருநாள் லீவு விட்டதாக வைத்துக்கொள்ளலாம். வாங்கியவள் நான், லீவு கொடுப்பதும் நான்தானே. வழக்கு நடத்திய வக்கீல் ஷகிலாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

பூபதிக்குப் போன் செய்து சரி என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

பட்டுச்சேலைக்கு மடிப்பு எடுத்தாயிற்று. மகி காய்ச்சல் அடிக்கிறது என்கிறாள். தெர்மாமீட்டர் இல்லை என்கிறது. அப்பா எந்தப் பக்கமாக நிற்பார் என்று இரண்டு தடவை கேட்டாள். குழந்தைகளுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று எல்லாம் நல்லபடி முடிந்தது.

இணைச்சீர் நடந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை பூபதி விடாமல் பிடித்துக்கொண்டு, அக்கா அழுவாதே, எல்லாரும் பாக்கறாங்க என்றான். அவன் கண்ணும் நிறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். குடித்திருக்கவில்லை. நல்லாருக்கியா என்றார். ம் என்றேன். மேடையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை தூவினோம். என் கண்ணில் அட்சதை விழுந்துவிட்டது, கையை உயர்த்தி மறைத்துக்கொண்டேன். அதற்குள் மகி எங்கிருந்தோ வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். போட்டோகிராபர், பாப்பா கொஞ்சம் அக்கட்டால போ சாமி என்று சலித்துக்கொண்டார். கூட்டத்தில் இதெல்லாம் சகஜம்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இறங்கிப் போய்விட்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை. பரிசோதனையில் கெட்டது ஒன்றும் முளைக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

பந்தியில் எனக்கு இறங்கவில்லை, வெயில். வீட்டுக்கு வந்து மூன்று தாழ்ப்பாளையும் போட்டேன். முகூர்த்த நாளில் திருட்டு அதிகம்.

செப்டம்பர் 24, புதன்

ஆய்வுக்கூடத்துக்கே கோர்ட்டு ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கட்டுத் தாள் கொடுத்துவிட்டுப் போனார். மகியின் அப்பா மனு போட்டிருக்கிறார். சூழ்நிலை மாறிவிட்டது, கணவன் மனைவி சுமுகமாக இருக்கிறார்கள், ஆகவே பாதுகாப்பு உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.

கூடவே கல்யாணப் போட்டோ. நானும் அவரும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில். மகியைக் காணோம். தோளுக்குக் கீழே வெட்டியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் படத்தின் அடியில் அவள் தலையில் வைத்துவிட்ட கனகாம்பரம் ஓரமாகத் தெரிகிறது.

ரத்தானால் அவர் நாளைக்கே இந்த வாசலில் நிற்கலாம். பள்ளிக்கூட கேட்டிலும் நிற்கலாம்.

இன்று சமைக்கவில்லை. கடையில் தோசை.

செப்டம்பர் 25, வியாழன்

வக்கீல் ஷகிலா இலவச சட்ட உதவியில் எனக்குக் கிடைத்தவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. இன்று உயர்த்தினார். நீதிபதி போட்ட உத்தரவுக்கு லீவு கொடுக்க நீங்கள் யார், நீங்களே கூப்பிட்டாலும் அவர் வந்திருக்கக் கூடாது, ஆனால் கூப்பிட்டதே நீங்கள் என்றால் நான் எந்த முகத்தோடு அதைச் சொல்ல என்றார். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

டீ வந்தது. அவர் தணிந்த பிறகு மெல்லக் கேட்டேன், இதற்கு முடியும் தேதிதான் என்ன என்று.

"கிடையாதுங்க. நீங்களா வந்து போதும்னு எழுதிக் கொடுக்கற வரைக்கும் ஓடும். இல்ல, நிலைமை மாறிடுச்சுன்னு நீதிபதிக்குத் திருப்தி ஆகணும். மகியோட அப்பா அதுக்குத்தான் அந்தப் போட்டோவைக் கொண்டு வந்திருக்கார்."

ஆகமொத்தம் செல்வநாயகி அக்கா தப்பு, ஜெராக்ஸ் கடைக்காரர் தப்பு. அம்மா பாதி சரி.

நீதிபதி ஒரு தேதி போட்டிருந்தால் இந்த ரோதனையே இல்லையே என்றேன். ஷகிலா சிரித்தார். தேதி போட்டிருந்தால் மகியின் அப்பா அதுவரை நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இப்போது உங்களைக் கரைக்க வேண்டியிருக்கிறது, இரண்டிலும் சங்கடம் உண்டு என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆய்வுக்கூடத்துத் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தால் வீட்டில் பூபதியும் அவன் மனைவி நிவேதாவும். கல்யாண ஆல்பம் கொண்டுவந்திருந்தார்கள்.

நிவேதா விவரம் தெரியாத பெண் இல்லை, ஆனால் இந்த விவரம் தெரியாது. பேச்சுவாக்கில், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனசு கோணாமல் சீர் நடந்ததே என்றேன். அவள் விழித்தாள். "எங்கூட்ல யாரும் ஒண்ணும் கேக்கலீங்க அண்ணி. உங்களப் பத்தி அப்பா பெருமையால்ல சொன்னாரு."

பூபதி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். முழுதாகப் புரட்டி முடித்து, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான். அப்புறம் சொன்னான். மாமாதான் ஆடி மாசம் போன் செய்தாராம். நான் மாறிட்டேன் மாப்பிள்ளை, மகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அழுதாராம். பெண் வீட்டில் கேட்பதாகச் சொல்லு, உன் அக்கா இணைச்சீருக்காக இறங்கி வருவாள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தானாம். வீடியோவையும் ஞாபகத்துக்கு வேண்டுமென்று பென்டிரைவில் வாங்கிக்கொண்டாராம்.

"ஆர்டரு எத்தன நாளைக்குச் செல்லும்னு கேட்டியே, அது?" என்றேன்.

"அவரு கேக்கச் சொன்னதுதாங்க்கா."

இந்த டைரியின் முதல் பக்கத்தை எடுத்துப் படித்தேன். ஒன்றரை மாசமாக என் கேள்வி என்று நினைத்து ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். எனக்கு எதன்மேல் ஆசை, எதைக் காட்டினால் வருவேன் என்று அவருக்கு இன்னும் அப்படியே தெரிகிறது.

பூபதி மேல் கோபம் வந்தது. திட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். கோர்ட்டில் வந்து இதைச் சொல்வாயா என்றதற்கு, சொல்றேங்க்கா என்று மட்டும் சொன்னான். நிவேதா எழுந்துபோய் பாத்திரம் கழுவினாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகி வெடி வேண்டாம் என்றாள். மத்தாப்பு மட்டும். எனக்கும் புகை ஒத்துக்கொள்ளாது.

நவம்பர் 6, வியாழன்

கோபி கோர்ட்டு. மூடிய அறையில் விசாரணை, வெளியாட்கள் யாரும் இல்லை. நீதிபதி அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும்.

முதலில் மகியின் அப்பாவைக் கேட்டார்கள். "மூணு வருசமா எம்மேல ஒரு புகார் இல்லீங்கம்மா. இன்னும் எத்தன வருசம் நான் குத்தவாளியா நிக்கோணும்?" என்றார். குரல் உடைந்தது. நடிப்பு என்று என்னால் எழுத முடியவில்லை. உண்மையாகவே அவருக்குக் கஷ்டமாக இருக்கலாம்.

பூபதி நடந்ததையெல்லாம் சொன்னான். ஆளை விட்டுப் பேசியதே மீறல்தான் என்றார் ஷகிலா. எதிர் வக்கீல், ஒரு மைத்துனனோடு பேசுவது குற்றமா என்று அதைத் தட்டிவிட்டார். போட்டோவைக் காட்டினார். வீடியோவும் இருக்கிறது, மனுதாரர் எவ்வளவு அமைதியாக நடந்துகொள்கிறார் என்று பார்க்கலாம் என்றார்.

லேப்டாப்பில் போட்டார்கள். மேளம், கூட்டம், பூபதி குனிகிறான். அவர் அட்சதையோடு கையைத் தூக்குகிறார். நான் முகத்தை மூடுகிறேன். மகி மேடை ஓரத்திலிருந்து இரண்டு பேரை இடித்துக்கொண்டு ஓடி வந்து எங்களுக்கு நடுவில் நிற்கிறாள். முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டு.

நீதிபதி அதையே மறுபடி ஓட்டச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எதுக்கும்மா கையத் தூக்குனீங்க?"

"அட்சதை கண்ணுல விழுந்துருச்சுங்க."

"அவர் இன்னும் போடவே இல்லியே."

திரையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கை மேலே இருக்கிறது. மூடிய விரல்களுக்குள் அரிசி. என் கை அதற்கு முன்பே முகத்துக்குப் போய்விட்டது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொம்பளையை எனக்குத் தெரியும் போலவும் தெரியாதது போலவும் இருந்தது.

"பாப்பா எதுக்கு ஓடி வருது?" என்றார் நீதிபதி.

மகியின் அப்பாதான் பதில் சொன்னார். விளையாட்டுப் பிள்ளைங்கம்மா என்று. நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார். உத்தரவு பதிமூன்றாம் தேதி.

பஸ்ஸில் கடைசி சீட் காலியாகும்வரை நின்றுகொண்டே வந்தேன். எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்காருவேன். காற்று வரும் என்று சொல்லிக்கொள்வேன். அங்கே காற்றே வராது.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்று நாள் தள்ளிப்போட்டு இன்று மகியிடம் கேட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, அதுவும் ஒரு வசதி. பழைய வீட்டில் நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. மறந்திருப்பாள் என்றுதான் நானும் இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

அப்புறம் ஏன் சாமி கல்யாணத்தில் நடுவில் வந்து நின்றாய் என்றேன்.

"எப்பவும் அங்கதானம்மா நிப்பேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். சிலிண்டர்காரர், மின்சாரக் கணக்கெடுப்பவர், பூபதி முதன்முதல் மீசை வைத்துக்கொண்டு வந்த நாள். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வேடிக்கை பார்க்கிறாள் என்று இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன். அழுதேன். சடையைக் கோணலாகப் பின்னிவிட்டேன்.

அவரைப் பரிசோதிக்கிறேன் என்று இந்தப் பிள்ளையைத்தான் தட்டில் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

மனு தள்ளுபடி. உத்தரவு தொடர்கிறது.

முடியும் தேதி ஏதாவது வேண்டுமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். வேண்டாங்க என்றேன். வெளியே வந்ததும் பூபதி தயங்கித் தயங்கி, இது எப்பத்தாங்க்கா முடியும் என்றான். இந்தத் தடவை அவனே கேட்ட கேள்வி. ஜெயிலுக்குக் கணக்குண்டு என்றாயே, அது செய்தவனுக்குப் போடும் கணக்கு, இது எங்கள் பக்கம் நின்று பார்க்கும் கணக்கு என்றேன். புரிந்ததா தெரியவில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

நவம்பர் 15, சனி

தாளை மறுபடி பீரோவில் வைத்தேன். இப்போது உறுத்தவில்லை.

ஆய்வுக்கூடத்தில் செல்வநாயகி அக்கா, தட்ட எடுக்கறேன் கண்ணு என்று சொல்லிவிட்டே எடுத்தார். அப்படியும் என் கை பாதி தூரம் எழுந்தது. தூசி இல்லை. அக்காவிடம் அதைச் சொன்னேன். தெரியும் கண்ணு என்றார்.

சாயங்காலம் சிலிண்டர் வந்தது. வாசலில் சத்தம் கேட்டதும் உள்ளே மகி பென்சிலைப் போட்டுவிட்டு எழுவது கேட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் வருவதற்குள் நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். முதுகுப் பக்கம் வந்து இடித்தவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எந்தப் பக்கமாக நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை எட்டிப் பார்த்தாள்.

யார் வந்தாலும் அவள் உள்ளேயே உட்கார்ந்து பூனை வரைந்துகொண்டிருக்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு ஷகிலாவுக்குப் போன் செய்யலாமா என்று யோசிப்பேன்.